பேயல்ல, பிணி!

ஆலையிலே இயந்திரத்தில் சிக்கி ஒரு தொழிலாளியின் விரல் நசுங்கினால் பக்கத்தில் நிற்பவன் என்ன செய்கிறான்? இயந்திரத்தை நிறுத்துகிறான். வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போடுகிறான். கிடைத்த வண்டியிலே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறக்கிறான். "முற்பிறவியில் என்ன பாவம் செய்தானோ" என்று அங்கே யாரும் கேட்பதில்லை. "நாலு பேருக்குத் தெரிந்தால் கேவலம்" என்று யாரும் மூடி மறைப்பதில்லை. தாமதித்தால் விரல் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

அதே தொழிலாளியின் வீட்டிலே பத்தொன்பது வயது மகனின் மனம் நசுங்குகிறது. அப்போது என்ன நடக்கிறது? கதவு சாத்தப்படுகிறது. பேச்சு அடங்குகிறது. எலுமிச்சம்பழம் வருகிறது, வேப்பிலை வருகிறது, தாயத்து வருகிறது. டாக்டர் மட்டும் வருவதில்லை! மாதங்கள் உருண்டோடுகின்றன. சில வீடுகளில் வருஷங்களே உருண்டோடுகின்றன.

விரலுக்குக் காட்டுகிற வேகத்தை மனத்துக்குக் காட்ட மறுப்பது ஏன்? இந்தக் கேள்வியைத்தான் இன்று தோழர்கள் முன்னே வைக்கிறோம்.

என்ன நோய் இது?

மனப்பிறழ்வு என்கிறோம். டாக்டர்கள் சைக்கோசிஸ் என்பார்கள். நடப்பது எது, நினைப்பது எது என்ற எல்லைக்கோடு அழிந்து போகிற நிலை அது. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். அது கற்பனைக் குரல் என்று நாம் சொல்லிவிடலாம். கேட்கிறவனுக்கோ நாம் பேசுகிற குரலைப் போலவே தெளிவாகக் கேட்கும். தெருவில் இருவர் சிரித்துக்கொண்டு போனால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். சோற்றிலே விஷம் கலந்திருக்கிறது என்று தோன்றும். தோன்றுவது மட்டுமல்ல, அது சத்தியம் என்றே மனம் அடித்துச் சொல்லும்.

அபூர்வமான நோயா இது? இல்லை. வாழ்நாளில் என்றேனும் ஒரு முறை இந்த நிலைக்கு ஆளாகிறவர்கள் நூற்றுக்கு மூவர் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. ஐந்நூறு பேர் வேலை பார்க்கும் ஆலையென்றால் பதினைந்து பேர்! அவர்களில் ஒரு பகுதியினருக்கு வருவதுதான் மனச்சிதைவு என்ற நீண்ட நோய். மற்றவர்களுக்குக் கடுமையான மனச்சோர்வாலும் வரலாம். மனம் ஒரு சமயம் உச்சிக்கும் ஒரு சமயம் பாதாளத்துக்கும் போகிற இருமுனை நோயாலும் வரலாம். கஞ்சா முதலான போதைப் பொருளாலும் வரலாம். மூளையைத் தாக்கும் தொற்றாலும், தைராய்டுக் கோளாறாலும்கூட வரலாம். காரணம் எது என்பதை டாக்டர் சோதித்துத்தான் சொல்ல முடியும். பூசாரியின் உடுக்கை சொல்லாது.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. இந்த நோய் முதன்முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் பதினைந்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையிலேதான். படிப்பு முடிகிற வயது. முதல் சம்பளம் வாங்குகிற வயது. குடும்பத்தின் பாரத்தைத் தோள் மாற்றிக்கொள்ள வேண்டிய வயது. சேமிப்பு ஏதுமில்லாத தொழிலாளி, தன் வாழ்நாள் உழைப்பையெல்லாம் எந்தப் பிள்ளையின் மேல் போட்டானோ, அந்தப் பிள்ளையைத்தான் இந்த நோய் தேடி வருகிறது. பணக்காரன் வீட்டுக்கும் வரும். ஆனால், அங்கே காலதாமதத்தைத் தாங்கிக்கொள்ளச் சொத்து இருக்கிறது. நம் வீட்டில் இல்லை.

ஒன்பது மாதம்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடு. தகப்பனுக்குப் பஞ்சாலையில் வேலை. தாய்க்குத் தையல். மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு.

ஆடியிலே பையனுக்குத் தூக்கம் கெடுகிறது. இரவெல்லாம் விழித்திருக்கிறான். "செல்போன் பார்க்கிறான்" என்கிறார் தகப்பன்.

ஆவணியிலே கிரிக்கெட் ஆடப் போவதை நிறுத்துகிறான். வாசலில் வந்து கூப்பிடும் நண்பர்களுக்கு இல்லை என்று சொல்லச் சொல்கிறான். "காதல் விவகாரமாக இருக்கும்" என்கிறாள் பாட்டி.

புரட்டாசியிலே நான்கு பாடத்தில் தோல்வி. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நிற்கவில்லை என்கிறான். "சோம்பேறி!" என்று முதுகில் ஓர் அறை விழுகிறது.

ஐப்பசியிலே குளிப்பதில்லை, சட்டை மாற்றுவதில்லை. தனியாக உட்கார்ந்து சிரிக்கிறான். தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று தங்கையிடம் சொல்கிறான். தங்கை பயந்துபோய் அம்மாவிடம் சொல்கிறாள். "வெளியே சொல்லாதே, உனக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா?" என்கிறாள் அம்மா.

கார்த்திகையிலே ஜன்னலுக்குச் செய்தித்தாள் ஒட்டுகிறான். மார்கழியிலே அம்மா போட்ட சோற்றைத் தொட மறுக்கிறான். இப்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது. விழித்துக்கொண்டு எங்கே போகிறது? மந்திரவாதியிடம்! வட்டிக்கு வாங்கிய பணம் பூசைக்குப் போகிறது. "இருபத்தொரு நாளில் இறங்கிவிடும்" என்கிறான். இறங்கவில்லை. தையிலே, "கல்யாணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்கிறார். மாசியிலே எதிர்வீட்டுக்காரரைக் கழுத்தைப் பிடிக்கிறான், தன்னைக் கொல்ல ஆள் அனுப்பினார் என்று. பங்குனியிலே கையைக் கட்டி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

ஆடி முதல் பங்குனி வரை ஒன்பது மாதம்! அந்த வீட்டிலே யாரும் கெட்டவரில்லை. தகப்பனும் தாயும் பாட்டியும் பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருக்கிறவர்கள். ஆனால், நோய்க்கு ஒவ்வொரு மாதமும் வேறு பெயர் வைத்தார்கள். சோம்பல் என்றார்கள், காதல் என்றார்கள், திமிர் என்றார்கள், காற்றுக் கருப்பு என்றார்கள். சரியான பெயரைச் சொல்ல அந்தத் தெருவிலே ஒருவர்கூட இல்லை.

அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும், தோழர்களே. அதற்காகத்தான் இதை எழுதுகிறோம்.

அடையாளம் என்ன?

வாலிபப் பருவத்திலே முகம் சுளிப்பதும் கதவைச் சாத்திக்கொள்வதும் சகஜந்தானே, இதிலே நோயை எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒற்றை அடையாளத்தை வைத்துக்கொண்டு யாரையும் நோயாளி என்று முத்திரை குத்திவிடக் கூடாது. மூன்று சங்கதிகளைப் பாருங்கள்.

முதலாவது, மாறுதல். முன்பு இப்படி இல்லாதவன் இப்போது இப்படி ஆகிவிட்டானா? சிறு வயதிலிருந்தே கூச்சம் உள்ளவன் ஒதுங்கியிருந்தால் அது அவன் சுபாவம். கலகலப்பாக இருந்தவன் ஒதுங்கினால் அது கவனிக்க வேண்டியது.

இரண்டாவது, கூட்டம். தூக்கக் கேடு, தனிமை, படிப்பிலோ வேலையிலோ சரிவு, உடம்பைப் பேணாமை, காரணமில்லாத அச்சம், எல்லோர் மீதும் சந்தேகம், கோர்வையில்லாத பேச்சு, யாரும் இல்லாத பக்கம் திரும்பிப் பதில் சொல்வது, இடத்துக்குப் பொருந்தாத சிரிப்பு, சாவு வீட்டிலும் அசையாத முகம். இவற்றிலே பல ஒன்றாகச் சேர்ந்து வருகின்றனவா?

மூன்றாவது, நீடிப்பு. நாலு நாளில் தீர்ந்துவிடாமல் வாரக் கணக்கில் நீண்டு, நாளுக்கு நாள் ஏறுகிறதா?

மூன்றுக்கும் ஆம் என்றால் டாக்டரிடம் போவதற்கு அதுவே போதும். குரல் கேட்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாலோ, தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்று உறுதியாக நம்பினாலோ, வாரக் கணக்குப் பார்க்கவே வேண்டாம். அன்றே புறப்படுங்கள். காய்ச்சலும் வலிப்பும் சேர்ந்துகொண்டால் ஒரு மணி நேரமும் காக்கக் கூடாது.

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்களுக்கு வருவதைவிடச் சற்றுத் தாமதமாக வந்தாலும் பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. மகன் என்றால் சம்பாதிக்க வேண்டியவன் என்று கொஞ்சமாவது அலைகிறார்கள். மகள் என்றால் மூடி வைத்துவிடுகிறார்கள். மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள். பிறகு புகுந்த வீட்டார் திருப்பி அனுப்புகிறார்கள். கல்யாணம் மருந்தல்ல. நோயை மறைத்துச் செய்கிற கல்யாணம் இரண்டு குடும்பங்களுக்கும் இழைக்கிற அநீதி.

ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுவோம். பிறப்பிலேயே சிலருக்கு இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் தன்மை இருக்கிறது. அதன் மேலே வாழ்க்கையின் நெருக்கடி, தூக்கமின்மை, கஞ்சாப் பழக்கம் ஆகியவை வந்து விழும்போது மூளையின் இரசாயனத் தொழில் தடம் புரள்கிறது. தாய் வளர்த்த வளர்ப்பால் வருவதல்ல. சாபத்தால் வருவதல்ல. செய்வினையால் வருவதல்ல. இளைஞர்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறோம்: கஞ்சாவை வெறும் புகை என்று விளையாட்டாக நினைக்காதீர்கள். அது இந்த நோயின் வாசலைத் திறந்துவிடக்கூடியது என்பது ஆராய்ச்சியில் கண்ட உண்மை.

நார்வே சொல்லும் பாடம்

பத்திரிகையில் எழுதினால் நோய் தீருமா என்று கேலி பேசுவோர் உண்டு. அவர்களுக்கு நார்வே நாட்டிலிருந்து ஒரு விடை இருக்கிறது.

அந்நாட்டின் தென்மேற்கிலே ரோகலாந்து என்று ஒரு மாவட்டம். ஸ்டாவங்கர் அதன் தலைநகர். அங்கே மனப்பிறழ்வு தொடங்கி, சிகிச்சை கிடைப்பதற்குள் பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்கு மேல் ஓடிவிடுவதை டாக்டர்கள் கணக்கெடுத்துக் கண்டார்கள். வசதியுள்ள நாடு, ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை, ஆயினும் இந்தத் தாமதம்! 1997ல் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பிரசாரம் செய்தார்கள்! செய்தித்தாள்களில் பக்கம் பக்கமாக விளம்பரம். வானொலியிலே பேச்சு. சினிமாக் கொட்டகையிலே படம். வீடுகளுக்குத் துண்டறிக்கை. பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களுக்குப் பாடம். அத்துடன் ஒரு தொலைபேசி எண். யார் கூப்பிட்டாலும் விரைந்து வந்து பார்க்க ஒரு குழு.

பலன்? ஆறு மாதமாக இருந்த அந்த நடுத்தரக் கணக்கு சுமார் ஐந்து வாரமாகக் குறைந்தது. புதிய மருந்து ஏதும் கண்டுபிடிக்கவில்லை. மக்களுக்கு அடையாளம் தெரிந்தது, அவ்வளவுதான். பத்து ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். பிரசாரம் நடந்த பகுதியில் நூற்றுக்கு சுமார் முப்பது பேர் முழுமையாகத் தேறி, வேலை செய்து, தம் காலில் நின்றார்கள். பிரசாரம் நடவாத பகுதிகளில் அப்படித் தேறியவர்கள் அதிலே பாதிதான்.

கதை அத்தோடு முடியவில்லை. 2000ம் ஆண்டோடு அந்தப் பிரசாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் தாமதம் மறுபடியும் ஏறிற்று! ஏறக்குறையப் பதினைந்து வாரத்துக்குப் போய்விட்டது.

சுவரெழுத்தும் துண்டறிக்கையும் தெருமுனைக் கூட்டமும் நமக்குப் பழகிய தொழில். தேர்தலுக்குப் பயன்படுவது உயிருக்கும் பயன்படும் என்பதை ரோகலாந்து காட்டிவிட்டது. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் காட்டிவிட்டது.

நம் நாட்டு நிலை

நம்மிடம் நிலைமை என்ன? 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநோய் கண்டவர்களிலே சிகிச்சை பெறாதவர்கள் நோய்க்கேற்ப நூற்றுக்கு 70 முதல் 92 வரை என்று கண்டது. அதற்கு முன்பே சென்னை நகரில் வீடு வீடாகச் சென்று நடத்தி 1998ல் வெளியான ஆய்விலே, மனச்சிதைவு கண்டவர்களில் நாலில் ஒருவருக்கும் மேலானோர் ஒரு நாள்கூட மருந்து காணாதவர்கள் என்று தெரிந்தது. சென்னையிலே! பெரிய ஆஸ்பத்திரிகள் நிறைந்த பட்டணத்திலே!

தமிழகத்துக்கு இந்தத் துறையில் வரலாறு இல்லாமலில்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தோற்றம் 1794ம் ஆண்டுக்குப் போகிறது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான டாக்டர் சாரதா மேனன் அங்கே கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை பணியாற்றினார். ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. 1984ல் மனச்சிதைவு ஆராய்ச்சிக்கென்றே சென்னையில் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1980களின் தொடக்கத்திலே சென்னையில் முதல் முறை நோய் கண்ட தொண்ணூறு பேரைப் பதிவு செய்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்து கண்டது என்ன? பத்து ஆண்டு கழித்து, தொடர்ந்து பார்க்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தார்கள். "வந்தால் அவ்வளவுதான், வாழ்க்கை போயிற்று" என்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2001ம் ஆண்டு ஆகஸ்டு 6ம் நாள் விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளைத் தங்க வைக்கத் தனியார் நடத்திய கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. காரணம், காலிலே சங்கிலி! 28 பேர் வெந்து மடிந்தார்கள். உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த 28 பேரையும் அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்களல்ல, பெற்றவர்கள், உடன்பிறந்தவர்கள். வேறு வழி அறியாதவர்கள். அந்த அறியாமையை அகற்றும் கடமை யாருடையது?

கும்பிட விரும்புகிறவர் கோயிலிலோ தர்காவிலோ தேவாலயத்திலோ கும்பிட்டுக்கொள்ளட்டும். அது அவரவர் மனம். நாம் வற்புறுத்துவது ஒன்றே: அதற்காக மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள், பிள்ளையைக் கட்டிப் போடாதீர்கள், சவுக்கால் அடிக்கிறவனிடம் ஒப்படைக்காதீர்கள்.

சட்டமும் இன்று நம் பக்கம் நிற்கிறது. வெள்ளைக்காரன் 1912ல் போட்ட பைத்தியக்காரர் சட்டம் 1987ம் ஆண்டுச் சட்டத்தால் போயிற்று. அதன் இடத்திலே 2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்து 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்கிறது அது. அரசு செலவில் நடக்கும் மனநலச் சிகிச்சை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு இலவசம் என்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மன நோய்க்கும் கொடுக்க வேண்டும் என்கிறது. சலுகையல்ல, உரிமை! நிமிர்ந்து நின்று கேளுங்கள்.

எப்படிப் பேசுவது?

பக்கத்து வீட்டுப் பையன் உங்களிடம் வந்து, "அண்ணே, டீக்கடையில எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க" என்கிறான். "போடா, உன்னைப் பத்திப் பேச உனக்கென்ன பெரிய மவுசா?" என்று சிரிக்காதீர்கள். "ஆமா, பேசுறாங்க" என்று ஒத்து ஊதாதீர்கள். வாதாடி வெல்லவும் முயலாதீர்கள்; வாதத்தால் தீர்வதென்றால் அது நோயே அல்ல. "ரொம்பப் பயமா இருக்குதாப்பா? தூக்கமும் இல்லை போலத் தெரியுது. தூக்கத்துக்காவது ஒரு டாக்டரைப் பார்ப்போம். நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். மூளைக் கோளாறு என்றால் வர மறுப்பவன், தூக்கத்துக்கென்றால் வருவான். அவன் படும் அவதியைத் தொட்டுப் பேசினால் கதவு திறக்கும்.

சாக வேண்டும் என்று பேசினால் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்து போன்றவற்றை அப்புறப்படுத்துங்கள். உடனே 108ஐ அழையுங்கள். ஆத்திரத்தில் இருந்தால் கூட்டம் சேர்க்காதீர்கள். அவன் நம்புகிற ஒருவர் மட்டும் அருகில் இருந்து, தணிந்த குரலில் பேசட்டும். இந்த நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குகிறவர்களல்ல; பயந்து நடுங்குகிறவர்கள் என்பதையும் தெருவுக்குச் சொல்லுங்கள்.

மேடையில் ஏறும் பேச்சாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்தக் கட்சி மேடையானாலும், எதிரியை மடக்க வாதம் கிடைக்காதபோது "கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள்" என்ற கேலி பறக்கிறது. கூட்டம் சிரிக்கிறது. அந்தக் கூட்டத்தின் கடைசி வரிசையிலே, மகனை நாளைக்குக் கீழ்ப்பாக்கத்துக்கு அழைத்துப் போகலாமா என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன் நிற்கக்கூடும். அந்தச் சிரிப்பொலி அவனை இன்னும் ஆறு மாதம் வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். எதிரியை வீழ்த்த வேறு சொற்களா இல்லை தமிழிலே?

எங்கே போவது? என்ன கிடைக்கும்?

14416. இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'டெலி மானஸ்' என்னும் இந்த இலவசத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். என்ன செய்வது, எங்கே போவது என்று வழிகாட்டுவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தக் கிழமை எந்த ஊருக்கு வருகிறார் என்பதை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் கேட்டு அறியலாம்.

போனால் என்ன செய்வார்கள்? முதலில் பேசுவார்கள். இரத்தம் முதலிய சோதனைகள் செய்வார்கள். பிறகு மாத்திரை. 1952ல் பாரிஸ் நகரத்தில் இந்த நோய்க்கு முதல் மருந்து பயன்பட்டது. அதற்கு முன்பெல்லாம் அடைத்து வைப்பதைத் தவிர அதிக வழியில்லை. இன்று மருந்துகள் பல. பெரும்பாலோரை வீட்டிலிருந்தபடியே குணப்படுத்த முடியும். முதல் முறை நோய் கண்டவர்களுக்குக் குறைந்த அளவு மருந்தே பெரும்பாலும் போதும்.

ஆனால் மாத்திரை மந்திரமல்ல. பலன் முழுதும் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். தூக்கக் கலக்கம், கை நடுக்கம், உடல் இறுக்கம், எடை ஏறுவது போன்ற தொல்லைகள் வரலாம். வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றுவார், அளவைக் குறைப்பார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "நல்லாத்தானே இருக்கான், இனி எதற்கு மாத்திரை?" என்று நிறுத்துகிற வீடுகளில்தான் நோய் திரும்பி வருகிறது. முதல் முறை தேறிய பிறகும் ஓராண்டு ஈராண்டாவது தொடர வேண்டியிருக்கும். மருந்தோடு சேர்ந்து, குடும்பத்தாருக்கு விளக்கமும், படிப்பையோ வேலையையோ மெல்ல மெல்ல மீண்டும் தொடங்குவதற்குத் துணையும் வேண்டும். சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவதும் ஒரு வகைச் சிறைதான்.

தொழிலாளித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. இ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பவருடைய குடும்பத்தாருக்கும் அங்கே மருத்துவம் உண்டு. தொழிலாளிக்கே மனச்சிதைவு போன்ற நோய் வந்தால், அது நீண்ட கால நோய்களின் பட்டியலில் இருக்கிறது. தகுதி விதிகளுக்கு உட்பட்டு, சம்பளத்தில் நூற்றுக்கு 80 வீதம், இரண்டு ஆண்டு வரையிலும் பெறலாம். எத்தனை பேருக்குத் தெரியும்? "மூளை சரியில்லை" என்று முதலாளி கணக்குத் தீர்த்து அனுப்பினால், கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டே வெளியே வருகிறான் தொழிலாளி. சங்கம் எதற்காக இருக்கிறது? அந்தக் கையெழுத்தைத் தடுப்பதற்காக! 2016ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்பதையும் சங்கச் செயலாளர்கள் படித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. இந்த நாட்டிலே இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மனநோய் மாத்திரை மாதம் தவறாமல் கிடைக்க வேண்டும். ஒரு சீட்டு மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை இழந்து பட்டணத்துக்குப் பஸ் ஏறும் நிலை மாற வேண்டும். முடியாத காரியமல்ல. புதுக்கோட்டைப் பகுதி கிராமங்களிலே 2010 முதல் 'ஸ்கார்ஃப்' நிறுவனம் ஒரு பேருந்தையே ஆஸ்பத்திரியாக்கிக் கொண்டுபோனது. சென்னையிலிருக்கும் டாக்டர் திரையிலே தோன்றிப் பேசுவார். மருந்து அந்த வண்டியிலேயே கிடைக்கும். ஒரு தொண்டு நிறுவனம் செய்து காட்டியதை அரசு மாவட்டந்தோறும் செய்யட்டும்.

நாம் செய்ய வேண்டியது

படிப்பகத்தின் கரும்பலகையிலே 14416 என்று எழுதுங்கள். சங்க அலுவலகத்திலும், முடிதிருத்தும் நிலையத்திலும், டீக்கடையிலும் எழுதுங்கள். இளைஞர் கூட்டம் நடக்கும்போது பத்து நிமிஷம் ஒதுக்கி, ஓர் அரசு டாக்டரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள். கிளைக்கு ஒருவர், மாவட்ட மருத்துவமனையில் மனநலப் பிரிவு எந்தக் கட்டிடத்தில், எந்தக் கிழமையில் என்று நேரில் போய் அறிந்து வையுங்கள். முதல் நாள் போகிறவர்களுக்குத் துணையாகப் போங்கள். ஆஸ்பத்திரி வரிசையிலே நிற்க ஒருவர் கூட வந்தால் அந்தத் தாயின் பாரம் பாதி குறையும். கேட்ட செய்தியை வெளியே பரப்பாதீர்கள். அந்த வீட்டின் மானம் உங்கள் மானம்.

தேறி வந்த பையனைத் திரும்பவும் சேர்த்துக்கொள்ளுங்கள். நடந்ததைக் கேட்டுத் துருவாதீர்கள். காய்ச்சலில் படுத்தெழுந்து வந்தவனிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசுங்கள். கூட்டத்துக்கு நாற்காலி போடவும், கொடி கட்டவும், கணக்கு எழுதவும் அவனைக் கூப்பிடுங்கள். வேலை கொடுக்கக்கூடிய தோழர் வேலை கொடுங்கள்.

உங்கள் தெருவிலே இந்த மாதம் ஒரு பையன் தூக்கமிழந்திருக்கக்கூடும். ஒரு பெண் பேச்சை நிறுத்தியிருக்கக்கூடும். அந்த வீட்டார் அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்துக்கொண்டிருப்பார்கள். பங்குனி வரையில் காத்திருக்க விடாதீர்கள், தோழர்களே! இன்று மாலையே போய்க் கதவைத் தட்டுங்கள்.